கேன்சல்டு செக்: 'ரத்து' பொருந்துமா?

அன்பர்களே,

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் காசோலைகளின் விவரப் பட்டியலில் 'கேன்சல்' வரும் இடமெல்லாம் 'ரத்து' என்று போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும். நம் ஊரில் கேன்சல்டு செக் என்றால் குறுக்கே கோடு போட்டு, கணக்கு எண்ணுக்குச் சான்றாகக் கொடுக்கும் வெற்றுக் காசோலை. அயோவா, கன்சாஸ் சிற்றூர் வங்கிகளின் பழைய காசோலையிலோ, பணம் கொடுத்து முடித்ததற்கு அடையாளம் அது. மறுபடி யாரும் கொண்டுவந்து நீட்டாதபடி வங்கி வெட்டியது, அல்லது துளையிட்டது.

அதே தாளில் இன்னொரு கேன்சலும் உண்டு. 1862 அக்டோபர் 1 முதல், 20 டாலருக்கு மேற்பட்ட காசோலையில் 2 சென்ட் வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்ட வேண்டியிருந்தது; 1864 முதல் எந்தத் தொகைக் காசோலையிலும். 1883 ஜூலை 1-இல்தான் அந்த வரி நீங்கியது. வில்லையைப் பிய்த்து மறுபடி ஒட்டாமலிருக்க, அதன்மேல் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் எழுதச் சட்டம் சொன்னது.

காசோலைக்குத் 'தீர்வு வெட்டு', வில்லைக்கு 'முடக்கக் குறி' எனலாமா?

----

> தீர்வு வெட்டு

ஐயா, தீர்வை என்றால் வரி. வரி வில்லை ஒட்டிய தாளில் அந்தச் சொல் குழப்பும். கடன் பைசல், கணக்குப் பைசல் என்கிறோமே. 'பைசல் வெட்டு', 'பைசல் துளை' என்போம். முடக்கக் குறி அருமை, இருக்கட்டும்.

இரண்டையும் பிரித்து எழுதினால் வாங்குபவருக்கும் உதவி. வெட்டு விழுந்த இடத்தில் வில்லை இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தாளும் வில்லையும் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். தாள் வெட்டுப்பட்டு வில்லை முழுசாக இருந்தால், பிற்பாடு யாரோ ஒட்டியது. முடக்கக் குறியின் தேதி காசோலைத் தேதியோடு ஒத்து, மைக்கோடு வில்லையைத் தாண்டித் தாளிலும் ஓடியிருந்தால் நம்பலாம்.

----

பைசலுக்கு என் ஒப்புதல். அரபுச் சொல் என்ற ஆட்சேபம் வரும். வரட்டும், பொருள் பிசகாத சொல்.

'கம்பித் துளை' என்று மூன்றாவதும் தேவை. ரசீதுக் கம்பியில் குத்தி வைத்ததால் வந்த துளையைப் பலர் பைசல் துளை என்று எழுதிவிடுகிறார்கள். பைசல் துளையில் தாள் துணுக்கே வெளியேறி விளிம்பு சுத்தமாக இருக்கும். கம்பித் துளையில் தாளின் நார் ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும்.

பைசல் வெட்டின் நாக்குகள் உறைக்குள் செருகும்போது மடங்கிக் கிழியும். அமிலமற்ற அட்டைமேல் காசோலையை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாலியெஸ்டர் உறைக்குள் நுழைக்க வேண்டும். பிவிசி உறையும் செல்லோடேப்பும் ஆகவே ஆகாது. டேப்பின் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும்.

பட்டியலில் வெட்டைச் 'சேதம்' என்று எழுத வேண்டாம். 'பைசல் வெட்டு, கையெழுத்தில் படவில்லை' என்று இடத்தைக் குறித்தால் போதும்.