பழைய டர்போ கார்ல டொக் டொக் சத்தம், கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்கு, இன்ஜினை இறக்கணுமா?

மூணாவதுகியர்:
வணக்கம் நண்பர்களே, 1999 மாடல், 2 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ, 1,60,000 கி.மீ. ஓடியிருக்கு. போன வாரம் ஒரு நீளமான வளைவுல மூணாவது கியர்ல கொஞ்சம் வேகமா போனப்ப ஆயில் லைட் ஒரு செகண்ட் மின்னி அணைஞ்சுது, சரி சென்சார் தகராறுன்னு விட்டுட்டேன் (ஆமா, திட்டுங்க). மறுநாள்லேர்ந்து சூடானதும் 2000-2500 ஆர்பிஎம்ல டொக் டொக்னு அடிக்குது, ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்கிறப்ப இன்னும் ஜாஸ்தி. மெக்கானிக் டாப்பெட் (வால்வை அமுக்குற பாகம்) சத்தம்னு சொல்லி 20டபிள்யூ50 கெட்டி ஆயில் ஊத்தினாரு, ரெண்டு நாள் அடங்கி மறுபடி வந்துடுச்சு. கம்ப்ரஷன் 150, 148, 152, 149 பிஎஸ்ஐ. கூலன்ட் குறையல. இவ்ளோ நல்லா இருக்கிறப்ப இன்ஜினை இறக்குறது அவசியமா?

கிரீஸ்கை:
தம்பி முதல்ல வண்டியை ஓட்டுறதை நிறுத்துங்க. கம்ப்ரஷன் டெஸ்ட் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் பத்தி மட்டும்தான் பேசும், கீழ கிராங்க் (பிஸ்டன்கள் தள்ளிச் சுத்துற தண்டு) பக்கம் என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. டாப்பெட் சத்தம் சன்னமா டிக் டிக்னு வரும், வால்வை இயக்குற கேம் ஷாஃப்ட் கிராங்க்ல பாதி வேகத்துலதானே சுத்துது, அதனால ஆர்பிஎம்முக்கு பாதிதான் கேட்கும். நீங்க சொல்றது கனமான அடி, சூடானா ஜாஸ்தி, கால் எடுத்தா ஜாஸ்தி. எனக்கு பிக் எண்டு பேரிங் (பிஸ்டன் ராட் கிராங்க்கோட சேர்ற இடத்து பேரிங்) மேலதான் சந்தேகம். கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் கொஞ்சம் மூடும், வியாதி அப்படியேதான் இருக்கும்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஐடில்ல வச்சு ஒவ்வொரு சிலிண்டரா இன்ஜெக்டர் கனெக்டரை பத்து செகண்ட் கழட்டி மாட்டுங்க. ஸ்பார்க் குடுக்கிற காயிலைக் கழட்டாதீங்க, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் சூடேத்தும். எந்த சிலிண்டரை நிறுத்துனா சத்தம் குறையுதோ அங்கதான் கோளாறு.

சும்மாபார்வையாளன்:
ப்ரோ பேசாம செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கிப் போட்டுடுங்க, தலைவலி விட்டுச்சு

கிரீஸ்கை:
அந்த இன்ஜின் எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், ஒரு தலைவலிக்கு ரெண்டா ஆயிடும்.

பழையஇரும்பு:
அண்ணன் சொன்னதோட இன்னொன்னு, ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்க. ஹாக்ஸா பிளேடு போட்டுடாதீங்க, ரம்பத்தூள் கலந்து குழப்பிடும், ஃபில்டர் கட்டர்தான் சரி. உள்ள இருக்கிற மடிப்பு பேப்பரை விரிச்சு ஆயிலைப் பிழிஞ்சுட்டு வெயில்ல காட்டுங்க. செம்பு கலர்ல மினுமினுத்தா பேரிங் மேல்பூச்சு தேஞ்சு அடுத்த லேயர் வந்தாச்சுன்னு அர்த்தம். டாஷ்போர்டு லைட்டை நம்பாம சென்சார் இடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டி பிரஷரும் பாருங்க, சூடான இன்ஜின்ல ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதான் பழைய கணக்கு.

மூணாவதுகியர்:
பாத்தேன். மூணாவது சிலிண்டர் இன்ஜெக்டரை கழட்டினதும் பாதி சத்தம் போச்சு. சூடுல ஐடில் 6 பிஎஸ்ஐ, 3000-ல 22. ஃபில்டர் பேப்பர்ல ஜிகினா கொட்டின மாதிரி இருக்கு, செம்பு கலர்தான் 😢 சம்ப்பை (அடியில ஆயில் தங்குற தொட்டி) இறக்கி புது பேரிங் மட்டும் மாத்துனா போதுமா?

கிரீஸ்கை:
மூணாவது ராட் கேப்பை கழட்டி கிராங்க் பின் (கிராங்க்ல அந்த பேரிங் உட்கார்ற உருளை) மேல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா புது பேரிங் போட்டாலும் கொஞ்ச நாள்ல திரும்ப அடிக்கும். கிராங்க்கை வெளிய எடுத்து கிரைண்டிங் குடுத்து 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் (தேய்ச்சு சிறுசான கிராங்க்குக்கு ஏத்தது) போடணும், அதுக்கு இன்ஜின் இறங்கித்தான் ஆகணும். ராட் நீலம் பாய்ஞ்சிருந்தா அந்த ராட் வேண்டாம். ராட் போல்ட் புதுசு. ஆயில் கூலரை கழுவிப் போடலாம்னு நினைக்காதீங்க, உள்ள சந்துல தங்குன துகள் என்னைக்காவது வெளிய வரும், மாத்திடுங்க. டர்போவும் அதே ஆயில்ல ஓடினதுதான், ஷாஃப்ட் ஆட்டம் பாருங்க.

அதைவிட முக்கியம், ஏன் போச்சுன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா புது பேரிங்கும் அதே வளைவுல போயிடும்.

மூணாவதுகியர்:
இறக்கியாச்சு. நகம் மாட்டுது, ராட் நீலம். ஆனா நான் சொல்ல வந்தது வேற. பம்ப் ஆயிலை உறிஞ்சுற பிக்கப் பைப் ஜாலியில ஆரஞ்சு கலர் சிலிக்கான் துண்டு துண்டா ஒட்டி பாதி கண்ணை அடைச்சிருக்கு!! எப்பவோ யாரோ சம்ப் மாட்டுறப்ப சீலன்டை வாரி அப்பியிருக்காங்க, பிதுங்கி உள்ள போனது பிஞ்சு விழுந்திருக்கு. டிப் ஸ்டிக்ல ஆயிலும் முக்கா லிட்டர் கம்மி, அது என் தப்பு.

பழையஇரும்பு:
அப்போ வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கினதும் பம்ப் காத்தை உறிஞ்சிருக்கும், ஜாலியும் பாதிதான் திறந்திருக்கு, பேரிங் பாவம் என்ன பண்ணும். சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடு ஒன்னு வச்சிடுங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜெக்டர் கனெக்டர் எல்லாத்தையும் கழட்டிட்டு கேஜ்ல பிரஷர் ஏறுற வரைக்கும் விட்டு விட்டு கிராங்க் அடிங்க, ஒரேடியா அடிச்சா ஸ்டார்ட்டர் சூடாயிடும்.

மூணாவதுகியர்:
ஆறு வாரம் கழிச்சு வரேன். சூடுல ஐடில் 15, 3000-ல 44. 100 கி.மீ. ஓட்டி ஃபில்டர் அறுத்துப் பாத்தேன், லேசா சாம்பல் கலர் பூச்சு, செம்பு இல்ல. டர்போ பூஸ்ட் பிரஷரை இன்னும் ஏத்தல. லைட் மின்னினா இனிமே அங்கேயே ஆஃப் பண்ணிடுவேன் அண்ணே 🙏