புதுப்பிப்பு: குறைந்த பட்ஜெட்டில் புது கார், முடிவெடுத்தாச்சு

சின்ன காரின் உயர் வேரியன்ட்டா (வசதிகள் கூடிய வகை), பெரிய காரின் அடிப்படை வேரியன்ட்டா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சின்ன காரின் நடு வேரியன்ட் வாங்கியாச்சு.

கைகொடுத்தது, "மாதத் தவணையை விடுங்க, மொத்த வட்டியைக் கணக்குப் போடுங்க" என்ற பதில். 10% வட்டியில் 7 ஆண்டுக் கடனுக்கு வட்டி மட்டும் அசலில் சுமார் 39%. 5 ஆண்டுக்கு 27%. பெரிய கார் 7 ஆண்டுத் தவணையில்தான் கட்டுப்படியாகும். அதோடு அதை விட்டாச்சு.

ஷோரூமில் விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். கேட்காத பெயின்ட் கோட்டிங் அதில்தான் தெரிந்தது. நீக்கச் சொன்னதும் நீக்கினார்கள்.

எதிர்பாராதது ஸ்டெப்னி (உபரி டயர்). டயர் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதிக் குறியீடாக உள்ள 4 இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மற்ற டயர்களைவிட அது ஒன்றரை ஆண்டு பழையது. வண்டியைப் பதிவு செய்யும் முன்பே பார்த்ததால் மாற்றித் தந்தார்கள்.