ஒரே பில் இரண்டு தடவை மெயிலில் போகிறது, அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டும்

பி_பிளாக்:
எங்கள் அபார்ட்மென்ட்டில் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் பில் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் (பிஎச்பி மொழியில் எழுதிய சின்ன புரோகிராம்) ஓடுகிறது. எழுதியவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், இப்போது அது என் தலையில். ஏ பிளாக் மட்டும் இருந்தவரை தொந்தரவில்லை. பி பிளாக்கும் சேர்ந்து 240 வீடு ஆனதும், முதல் 150 வீட்டுக்கு ஒரு மெயில், அப்புறம் உள்ள எல்லோருக்கும் இரண்டு. "ரெண்டு தடவை கட்டணுமா?" என்று லிஃப்டில் மடக்குகிறார்கள். நள்ளிரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி), டபிள்யூகெட் என்ற டவுன்லோட் கமாண்டை வைத்து ஸ்கிரிப்ட் பக்கத்தைக் கூப்பிடுகிறது. மெயில் சர்வர் லிமிட்டுக்காக ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 விநாடி ஸ்லீப், அதாவது சும்மா காத்திருப்பு. மெயில் போனதும் டேபிளில் 'போனது' என்று குறிக்கிறது.

லூப்_ராசா:
மெயில் அனுப்புவது பிஎச்பிமெயிலர் லைப்ரரியா? லூப்புக்குள், முந்தைய வீட்டின் முகவரியை அழிக்கும் கிளியர்அட்ரசஸ் இருக்கிறதா?

பி_பிளாக்:
இருக்கிறது. இல்லாவிட்டால் முதல் வீட்டுக்காரருக்கு எல்லார் பில்லும் போயிருக்கும். அவர் சும்மா விடுகிற ஆளில்லை.

பழைய_சர்வர்:
இரண்டு மெயிலின் ஹெடரிலும் மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மெயிலுக்கும் தனியாக வரும் அடையாள எண்) பாருங்கள். ஒன்றேயானால் வழியில் ஏதோ சர்வர் இரட்டித்திருக்கிறது. வேறு வேறென்றால் ஸ்கிரிப்டே இரண்டு முறை அனுப்பியிருக்கிறது.

பி_பிளாக்:
வேறு வேறு. இரண்டுக்கும் ஓரிரு விநாடிதான் வித்தியாசம். ஆனால் கிரானில் ஒரே வரிதான்!

பழைய_சர்வர்:
அந்த 150-தான் துப்பு. ஸ்லீப் 5, அனுப்ப ஏறக்குறைய ஒன்று. 150 × 6 = 900. டபிள்யூகெட் 900 விநாடி பதிலே வராவிட்டால் இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி கூப்பிடும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மொத்தம் 20 முயற்சி வரை போகும். உங்கள் ஸ்கிரிப்ட் எதையும் எக்கோ செய்யாததால், அதாவது பதிலாக எதையும் எழுதாததால், டபிள்யூகெட் போனதே தெரியாமல் முதல் ஓட்டம் தொடர்கிறது. ரொம்ப நேரம் ஓடும் ஸ்கிரிப்டை நிறுத்தும் பிஎச்பியின் 30 விநாடி லிமிட்டும் காப்பாற்றாது, லினக்ஸில் ஸ்லீப் நேரம் அந்தக் கணக்கில் வராது. இரண்டாவது ஓட்டம் 'போனது' குறி இல்லாதவர்களிடமிருந்து தொடங்குவதால், மீதி 90 வீட்டுக்கும் இரண்டு ஓட்டமும் ஜோடியாக அனுப்புகின்றன. யார் எப்போது பக்கத்தைக் கூப்பிட்டார்கள் என்று வெப் சர்வர் எழுதிவைக்கும் ஆக்சஸ் லாகில் 00:00, 00:15 என்று இரண்டு வரி இருக்கும்.

பி_பிளாக்:
அப்படியே இருக்கிறது! சரி, டபிள்யூகெட்டில் ட்ரைஸ் (முயற்சி எண்ணிக்கை) ஒன்று என்று வைத்தால் போதுமா?

பழைய_சர்வர்:
இந்த மாதத்துக்குப் போதும். அப்புறம் டபிள்யூகெட்டை எடுத்துவிட்டு, கிரானிலேயே எஃப்லாக் (ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் ஓடாமல் பூட்டும் கமாண்ட்) போட்டு பிஎச்பியை நேராக ஓட்டுங்கள். ஒவ்வொரு மெயிலையும் அனுப்பும் முன்பே டேபிளில் 'போகாதது என்றால் போனதாக மாற்று' என்று அப்டேட் கொடுத்து, ஒரு வரி மாறினால் மட்டும் அனுப்புங்கள். மெயில் சர்வர் மறுத்தால் குறியைத் திரும்ப எடுக்க வேண்டும். பில் இரண்டு வந்தால்தான் லிஃப்டில் மடக்குவார்கள், வராவிட்டால் ஒருத்தர் வாய் திறக்க மாட்டார்.