இடுப்பளவு எடுக்க பெண் தன்னார்வலர்கள் தேவை: குடியாத்தம், அணைக்கட்டு ஊர்கள் (வேலூர் மாவட்டம்)

வணக்கம். சர்க்கரை உள்ள பெண்களுக்கு இடுப்பளவு எடுக்க நான்கைந்து பேர் வேண்டும். புது டேப் இருந்தால் கொண்டு வாருங்கள்; பழைய தையல் டேப் நீண்டுபோய் அளவைக் குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டதும் அளக்கணும். பாவாடை நாடா மேல் வைக்கவே கூடாது. 80 செ.மீ. தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள்.

தொப்பைக் கொழுப்பால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கூடிவிடும். அது செல்களை வளரத் தூண்டும். மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டாக்குவதால் கருப்பை உட்சுவர், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. நின்றபின் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் அனுப்பணும். பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, அதனால்தான் பெண்களையே கேட்கிறோம்.

மறைப்பு உள்ள ஓர் அறை தர முடிந்தவர்களும் பதில் போடுங்கள்.