உடும்பு வண்டியோடு உங்களுக்கு நேர்ந்தது: அனுபவப் பகிர்வு

திருப்பரங்குன்றத்திலிருந்து

செவ்வாய்க் கிரகத்தில் நடப்பதாக வைத்து, மேசைமேல் பொம்மை வண்டிகளோடு நாம் ஆடும் செவ்வாய்ப் போர் ஆட்டத்தில் உடும்பு வண்டியை ஓட்டாதவர் இங்கே எவரும் இல்லை என்பதால் அதன் விவரத்தை மறுபடியும் எழுதவில்லை. முன்னால் இரண்டு டயர், பின்னால் இரு பக்கமும் செயின், நடுவில் பன்னிரண்டு பேர், மேலே கூரை கிடையாது. நான் சொல்ல வந்தது ஐந்தாம் சுற்றில் நடந்தது.

மணல்மேட்டின் உச்சிக்கு ஏறிவிட்டேன். பாறை வரிசைக்கு இன்னும் ஒரே ஒரு சுற்றுத் தூரம். நடுவர் என்னிடம் இரண்டு முறை கேட்டார்: "ஆட்களை இறக்குகிறீர்களா?" இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். பகடையில் ஒன்று விழுந்தது. முன்சக்கரம் இரண்டும் மணலுக்குள் போயின. பின்னாலிருந்த செயின் நிற்காமல் தள்ளத் தள்ள மூக்கு இன்னும் கீழே இறங்கியது. அடுத்த சுற்றில் எதிரியின் குண்டு உள்ளேயே விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடுவர் இடுக்கியை எடுத்து, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்து, டிபன் பாக்ஸ் மூடியின்மேல் படுக்க வைத்தார். ஒவ்வொருவனையும் வைக்கும்போது 'டொக்' என்று ஒரு சிறு சத்தம். பன்னிரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை. இருக்கையில் கால் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். ஆள் வந்தான், கால் உள்ளேயே நின்றுவிட்டது. மூன்று வாரமாகிறது, அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. முன்னாலும் செயின் இருந்திருந்தால் அந்த வண்டி புதைந்திருக்காது என்பது என் கருத்து.

மேலூரிலிருந்து

தம்பி, முன்சக்கரத்தின்மேல் பழி போடாதீர்கள். நான் ஒன்பது வருடமாக, டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டி வைத்து நெல் அறுக்கிறேன். தை மாதம், கண்மாய்க்குக் கீழ்ப்பக்கத்து வயல், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஒரு சாண் உள்ளே தொளியாக இருக்கும். டயர் வண்டி அதில் இறங்கவே இறங்காது. பெல்ட் வண்டி நேராகப் போகிற வரைக்கும் படகு மாதிரி போகும். ஆனால் வரப்பு ஓரத்தில் திருப்பும்போது ஒரு பக்கத்துப் பெல்ட் நின்று மறுபக்கம் மட்டும் ஓடுவதால், நின்ற பெல்ட் மண்வெட்டி போல அந்த இடத்தையே தோண்டிவிடும். நான் சிக்கியதெல்லாம் திருப்பத்தில்தான், நேரில் ஒருமுறைகூட இல்லை. முழுச் செயின் வண்டி என்றால் புதையாது என்று நீங்கள் நினைப்பது சரியல்ல.

உடும்புக்கு முன்சக்கரம் இருப்பதே இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய, உடும்பைப் போலவே முன்னால் டயரும் பின்னால் செயினும் கொண்ட அரைச் செயின் வண்டிகளில் கொஞ்சமாகத் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் வேலை செய்யும். அதற்கு மேல் திருப்பினால்தான் ஒரு பக்கத்துச் செயினுக்குத் தானாகவே பிரேக் விழும். ஆகவே அகலமாக வளைத்து ஓட்டினால் மண் கிளறாது. செவ்வாயில் ஈர்ப்பு இங்கே இருப்பதில் 38 விழுக்காடுதான், வண்டி லேசாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எடை குறைந்தால் மண்ணைப் பிடிக்கும் பிடியும் சேர்ந்துதான் குறையும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. இப்படியெல்லாம் மண்ணையே பார்த்து, வறண்ட ஆற்றுப் படுகையில் ஆறு சுற்று திரும்பாமல் ஒரே கோட்டில் போனேன். வண்டி கொஞ்சம்கூடப் புதையவில்லை. அந்தக் கோடு எங்கே முடியும் என்று எதிரிக்கு இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. அவர் அங்கே காத்திருந்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நேர்கோடுதான் கண்ணில் நின்றது.

திருமங்கலத்திலிருந்து

இந்த வண்டிகளைச் செய்தவன் நான் என்பதால் எனக்கு இவை வேறு விதமாகத் தெரிகின்றன. செயினுக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் நறுக்கி, குறுக்கே பிளேடால் கோடு போட்டேன். வீரர்களை எம்-சீலில் உருட்டினேன். ஆறு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் எதிர்ப்பக்கம். முழங்கால் முழங்காலோடு இடிக்கும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. உலர்ந்ததும் அவர்களை உட்கார வைத்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கி மேலிருந்து பார்த்தேன். பன்னிரண்டு தலைகள், அவற்றுக்கு மேலே ஒன்றுமே இல்லை. வண்ணம் பூசுகிற தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது அமெரிக்கரின் எம்3 அரைச் செயின் வண்டி. ஓட்டுநரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர், ஏறக்குறைய ஒன்பது டன். பக்கத் தகடு வெறும் 6 மில்லிமீட்டர் கனம். பக்கத்தில் வந்து சுட்டால் துளைத்துக்கொண்டு போகும். மேலே வெடிக்கும் குண்டுச் சிதறலுக்குத் தடுப்பே கிடையாது. காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்குத் தரும் பதக்கத்தின் பெயர் பர்ப்பிள் ஹார்ட். அதில் ஏறிய வீரர்களே அந்த வண்டிக்குப் பர்ப்பிள் ஹார்ட் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். திருப்பரங்குன்றத்து நண்பரே, மணல் உங்கள் வண்டியை நிறுத்தியது, அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு பேரைக் கொன்றது கூரையில்லாத உடல். கூரை போடுகிறேன் என்று நான் தொடக்கத்திலேயே கேட்டேன், எடை கூடும் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மேலூர் அண்ணன் ஜெர்மானிய வண்டியைப் புகழ்கிறார். அதன் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல் அடுக்கியிருக்கும். எங்கள் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் டிராக்டரை இறக்கிப் பார்த்தவர்களுக்கு அதில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் அப்பிய சேறு இரவோடு இரவாக உறைந்து, காலையில் வண்டியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது.

செல்லூரிலிருந்து

என் அனுபவம் சிறியது. இரவு ஆட்டத்தில் என் உடும்பை நிழல் பள்ளத்தில் ஒளித்து வைத்திருந்தேன். காலைச் சுற்றில் நகர்த்த வந்தபோது நடுவர், "செயின் விறைத்துவிட்டது, நகராது" என்றார். கையில் எடுத்த வண்டியை மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அவர் சொன்னது சரி என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சிலவற்றை எழுதுகிறேன். அரைச் செயின் வண்டியின் முன்னோடிகளில் ஒருவர் அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ரஷ்யச் சக்கரவர்த்தியின் கார்களைப் பராமரித்தவர். பனியில் கார் ஓட வேண்டும் என்பதற்காகப் பின்சக்கரத்துக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் பட்டையைப் பொருத்தினார். 1917 புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பி சிட்ரோயன் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1931-இல் அவருடைய வண்டிகள் பெய்ரூட்டிலிருந்து புறப்பட்டு ஸ்ரீநகர் வந்தன. அங்கிருந்து இரண்டு வண்டிகளை கில்கிட் வரைக்கும் மலைமேல் ஏற்றினார்கள். பாதை உடைந்த இடங்களில் வண்டியைப் பிரித்துச் சுமந்து கடந்தார்கள். எம்3-இன் பட்டையும் எஃகுக் கம்பிகளின்மேல் ரப்பர் வார்த்ததுதான். நம் உடும்பின் பட்டையும் அந்த வழியில் வந்ததே.

பூமியின் பனிக்கு அது தாங்கும். செவ்வாயில் இரவு மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம். இயற்கை ரப்பர் ஏறக்குறைய அந்த அளவிலேயே கண்ணாடிபோல் விறைத்துவிடும். 1986 சனவரியில் சேலஞ்சர் விண்கலம் சிதறியதும் குளிரில் விறைத்த ஒரு ரப்பர் வளையத்தால்தான். ஆகவே பட்டையை உலோகத்துக்கு மாற்றச் சொல்லி நடுவரிடம் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

உலோகம் என்றால் எல்லாம் தீர்ந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் சக்கரங்கள் அலுமினியம். விட்டம் 50 சென்டிமீட்டர், தோலின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 2013-இலேயே அவற்றில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. தரையில் அசையாமல் நின்ற கூரிய பாறைகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துவது: பின்சக்கரங்கள் தள்ளுகிற தள்ளில் முன்னால் இருக்கும் சக்கரங்கள் பாறையின்மேல் போய் அழுந்தின. அதனால்தான் கரடான தரையில் அந்த ஊர்தியைச் சில இடங்களில் பின்பக்கமாக ஓட்டினார்கள். திருப்பரங்குன்றத்தில் நடந்ததும் இதுவே. செயின் தள்ளியது, முன்சக்கரம் கீழே போனது. மணல்மேட்டை உடும்பு பின்பக்கமாக ஏற வேண்டும். அப்போது செயின் முன்னே போய் இழுக்கும், டயர்கள் பின்னால் உருண்டு வரும். இதை விதியாகவே எழுதிவிடலாம்: மென்மண்ணில் முன்னோக்கிச் சென்றால் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தாலே புதையும், பின்னோக்கிச் சென்றால் ஒன்று விழுந்தால் மட்டும் புதையும். சுற்றுக்குப் போகும் தூரத்தை மட்டும் பாதியாக்கிவிட வேண்டும். யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது தெரியும். இருந்தாலும் இது எழுதப்படாமல் போகக்கூடாது.

மேலூரிலிருந்து

செல்லூர்க்காரர் சொல்வதில் பின்பக்கமாக ஏறுவது எனக்குச் சம்மதம். சிக்கின வண்டியை நாங்களும் வந்த தடத்திலேயே பின்னால்தான் எடுப்போம். ஆனால் உலோகப் பட்டை பாறையில் வழுக்கும். ரோட்டில் ஏற்றினால் தாரைப் பிய்க்கும் என்றுதான் செயின் பொக்லைனை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். குளிர்தாங்கும் வேறு ரப்பர் ஏதாவது உண்டா என்று பாருங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து

நான் எதிரிப் படையில் ஆடுகிறேன் என்பதால் இங்கே எழுதத் தயக்கமாக இருந்தது. அண்ணன்கள் எல்லோரும் உடும்புக்குள்ளிருந்து பேசுகிறீர்கள். அது எதிரே வருவதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

பள்ளத்துக்கு முன்னால் கண்ணி புதைத்திருந்தேன். உடும்பின் இடது முன்சக்கரம் அதன்மேல் ஏறியது. சக்கரம் போயிற்று, ஓட்டுநரும் போனார். அத்துடன் நின்றுவிடும் என்று நினைத்து என் ஆட்களை மறைவிலிருந்து வெளியே எடுத்தேன். நடுவர் விதியைப் பார்த்து, இரண்டாவது ஆள் திருப்புசக்கரத்தைப் பிடித்துவிட்டார், செயின் இரண்டும் நன்றாக இருக்கின்றன, வண்டி வரும் என்றார். அது வந்தது. இடது பக்க மூக்கு தரையில் உரச, ஒரு நீளமான கோட்டை இழுத்துக்கொண்டு வந்தது. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் என்று பார்த்தேன். வண்டியின் முன்னால் பொருத்தியிருக்கும் உருளை விளிம்பில் பட்டு உருண்டு, மூக்கைத் தூக்கிக் கொடுத்தது. எம்3 வண்டிகளிலும் பலவற்றில் அப்படியோர் உருளை உண்டு என்பதைத் திருமங்கலத்து அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், உடும்புப்பிடி என்று ஏன் சொல்கிறார்கள் என்பதுதான். உள்ளே இருந்த பன்னிரண்டு பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

செவ்வாயில் ஓடிய ஸ்பிரிட் ஊர்திக்கு 2006-இல் வலது முன்சக்கரம் நின்றுபோனது. அதன்பிறகு அதைப் பின்பக்கமாகவே ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். அப்படி இழுத்த தடத்தில் மேல்மண் விலகி, 2007-இல் அடியில் வெண்மையான சிலிக்கா மண் தெரிந்தது. அங்கே முன்பொரு காலத்தில் வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கு அது சான்றானது. ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு, மேசையில் தூவியிருந்த வைகை மணலில் உடும்பு இழுத்த அந்தக் கோட்டைப் பார்த்தேன். மணல் விலகி அடியிலிருந்த தெர்மாகோல் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

திருப்பரங்குன்றத்திலிருந்து

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மேலூர் அண்ணன் சொன்ன திருப்பமும், செல்லூர் ஐயா சொன்ன பின்னோட்டமும் எனக்கு விளங்கின. முன்சக்கரத்தைக் குறைசொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பின்பக்கமாக ஏறியிருந்தாலும் நடுவர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார், நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிகிறது. வாடிப்பட்டித் தங்கச்சி பார்த்த வண்டியில் இருந்தவர்கள் இறங்கினார்கள் என்று படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

திருமங்கலத்து அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். வண்டி இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. அந்தக் கால் இன்னும் பன்னிரண்டாவது இருக்கையில் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆளையும் வண்டியையும் எடுத்து வருகிறேன். காலைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, அவனுக்குப் புதிதாக ஒரு கால் செய்து தர முடியுமா?