மறுமொழி: ‘கார்டு பேண்ட்’ – பாதுகாப்புப் பட்டையா, அலைவரப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். பக்கத்துப் பக்கத்து அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடாமலிருக்க நடுவே காலியாக விடும் அலைப்பகுதிதான் ‘கார்டு பேண்ட்’ (guard band). அதற்கு ‘அலைவரப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்; அதையொட்டி நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> ‘பாதுகாப்புப் பட்டை’ என்றே வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

விளக்கம் வேண்டியிருக்காதுதான், ஆனால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். ‘பாதுகாப்புப் பட்டை 10 மெகாஹெர்ட்ஸ்’ என்று நாளிதழில் வந்தால், ராணுவத்துக்கு ஒதுக்கியது என்றுதான் படிப்பவர் நினைப்பார். பாதுகாப்புத் துறையிடம் உள்ள அலைக்கற்றையைப் பற்றிய செய்திகள் நமக்குப் பழக்கமானவை. ‘காப்புப் பட்டை’ என்று சுருக்கினாலோ, மின்கம்பியின் மேலுறை நினைவுக்கு வரும். மின்னியலில் ‘காப்பு’ ஏற்கெனவே அந்த வேலையில் அமர்ந்துவிட்டது.

பொருளைப் பார்ப்போம். இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 698இலிருந்து 806 வரை, மொத்தம் 108 மெகாஹெர்ட்ஸ். கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு 703–748. கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு 758–803. பயன்படுவது 90தான். மீதி 18 வேண்டுமென்றே விடப்பட்டது: கீழ் விளிம்பில் 5, நடுவில் 10, மேல் விளிம்பில் 3. எந்த வடிகட்டியும் கத்தியால் அறுத்தாற்போல் அலையை வெட்டுவதில்லை. அலைபரப்பியின் ஆற்றல் எல்லை தாண்டிக் கொஞ்சம் கசியும், அலையை வாங்கும் ஏற்பியும் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கேட்கும்.

ஏற்பியின் குறைக்குப் பெயர்போன எடுத்துக்காட்டு, 2022 ஜனவரியில் அமெரிக்காவில் எழுந்த 5ஜி சச்சரவு. அங்கே 5ஜிக்கு ஒதுக்கிய பட்டை 3.98 கிகாஹெர்ட்ஸில் முடிகிறது; விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ உயரமானியின் பட்டை 4.2இல் தொடங்குகிறது. நடுவே 220 மெகாஹெர்ட்ஸ் இருந்தும், பழைய உயரமானிகள் தடுமாறுமோ என்ற அச்சத்தில் ஏர் இந்தியா உட்படச் சில நிறுவனங்கள் விமானங்களை ரத்து செய்தன.

ஆகவே, இருபுறமும் உள்ளவர்கள் ஒருவர் நிலத்தில் ஒருவர் புகாமலிருக்க விடும் இடம் இது. அதற்கு ‘அலைவரப்பு’ என்கிறேன்.

> வரப்பில் எதுவும் விளையாது. ஆனால் என்பி-ஐஓடி இந்த இடைவெளியிலும் இயங்குகிறதே?

இது நல்ல கேள்வி. என்பி-ஐஓடி (NB-IoT) என்பது மீட்டர் போன்ற கருவிகள் சிறு தகவல்களை அனுப்பும் குறும்பட்டைத் தொழில்நுட்பம். 4ஜி தொழில்நுட்பமான எல்டிஇ-யின் 10 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் அலை நிறைவது 9தான். ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள என்பி-ஐஓடியை ஓட்டலாம். ஆனால் ஐயா, வரப்பில் எதுவும் விளையாது என்று யார் சொன்னது? நெல் வயலின் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடுவது நம் உழவர்களின் வழக்கம். வேளாண் துறையினர் அதை ‘வரப்புப் பயிர்’ என்றே எழுதுகிறார்கள். உங்கள் மறுப்பு என் சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் தங்கள் பக்கம் வயலுக்கு ‘வரம்பு’ என்றே சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். இனிய சொல்தான். ஆனால் பாடநூல்களில் வரம்பு என்றால் எல்லை. ‘அலைவரம்பு’ என்று எழுதினால் அதிர்வெண்ணின் மேல், கீழ் எல்லைகளாகத் தோன்றும். அதனால் இங்கே மட்டும் பகரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை.

நடுவிலுள்ள அந்த 10 மெகாஹெர்ட்ஸை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அது இரு நிறுவனங்களுக்கு நடுவில் அல்ல, கைப்பேசியின் போக்குக்கும் வரத்துக்கும் இடையிலுள்ளது. கைப்பேசி அனுப்பும்போதே கேட்கவும் வேண்டியிருப்பதால் வந்தது. பொறியாளர்கள் அதை ‘டூப்ளெக்ஸ் கேப்’ என்கிறார்கள். ‘இருவழி இடைவெளி’ என்று குறித்து வைத்திருக்கிறேன்; அரைமனதுதான். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.