புதுப்பிப்பு: பவுண்டி படகை அளந்து பார்த்தாச்சு

பவுண்டி கப்பலின் மாதிரி செய்யும் கிட்டில் வந்த படகு கொஞ்சம் கொழுத்த மாதிரித் தெரிகிறதே, 1:64 (அசலில் 64இல் ஒரு பங்கு) அளவு சரிதானா என்று முன்பு கேட்டிருந்தேன். நீளத்தை அளக்கச் சொன்னீர்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் பாஸ்தான்!

பவுண்டியின் லாஞ்ச் (கப்பலோடு போகும் பெரிய படகு) 23 அடி நீளம், 6 அடி 9 அங்குல அகலம். 1:64க்கு 109.5, 32 மி.மீ. வரவேண்டும். புறக்கோட்டையில் வாங்கிய டிஜிட்டல் கலிப்பரில் நீளம் 109. அகலமோ 38, அதாவது அசலில் எட்டு அடி. 1789இல் கலகக்காரர்கள் கப்பலிலிருந்து இறக்கிவிட்ட கப்டன் பிளையும் மற்ற 18 பேரும் இதில் போயிருந்தால் கொஞ்சம் வசதியாகவே இருந்திருப்பார்கள்.

பலகைத் தடிப்பு இன்னும் மோசம். கிட்டில் 1 மி.மீ.; 64ஆல் பெருக்கினால் இரண்டரை அங்குலம். சிறு படகுக்கு யார் அப்படிப் பலகை அடிப்பார்கள்? முக்கால் அங்குலம் என்றால் 0.3 மி.மீ. போதும். தளபாடக் கடையில் கிடைத்த வெனீர் (மெல்லிய மரத்தகடு) துண்டை உரசி மெலிதாக்கி, நனைத்து வளைத்தேன், உடையவில்லை.

அப்புறம், 26 மி.மீ. உயரத்தில் (அசலில் சுமார் ஐந்தரை அடி) ஓர் அட்டை மனிதனை வெட்டி இருக்கையில் உட்கார வையுங்கள். அவன் கால் மடங்க இடமில்லை என்றால் துடுப்பும் வலிக்க முடியாது.

கிட்டில் வந்த பழைய படகுக்கூட்டை 1:48 என்று எடுத்தால் 17 அடிக்கு 6 அடி. சின்னப் படகுக்குப் பொருந்தும். வேண்டுமானால் சொல்லுங்கள், தெஹிவளையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.